நான்காம் சுற்று

முதல் சுற்றுக்கு நான் வேண்டிக்கொள்வதில்லை.
கீழக்கரை அனஸை எந்த டீம் எடுத்தாலும்
அவன் கோல் அடிப்பான்.
சீலா மீனுக்கு ருசி சொல்ல ஆள் எதற்கு?
இரண்டாவதும் அப்படித்தான்,
பேர் வாங்கியவர்கள் போகிற சுற்று.
மூன்றில் ஆளுக்கொரு தப்பு செய்வார்கள்.
நான்காவது வந்தால்தான்
முரலில் முள்ளெடுக்கத் தெரிந்த எங்களுக்கு வேலை.

தடைக்காலம். பாம்பனில் விசைப்படகெல்லாம்
ஒன்றோடொன்று தோள் உரசிக் கிடக்கின்றன.
ஐஸ் கம்பெனியில் ஒரே ஒரு மிஷின் ஓடுகிறது.
அதன் பக்கத்தில் உட்கார்ந்து
லோடு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன்.
‘பிரிஸ்கா, அதுக்குள்ள நோட்டு முடிஞ்சு போச்சா?’ என்கிறார் முதலாளி.
ஐஸ் அதிகம் போகுது சார்.

கெனிஸ்டன். இடது கால்.
குந்துகால் மணலில் வெறுங்காலோடு ஆடினான்.
பந்தைப் பார்ப்பதில்லை,
பந்து அடுத்து வரப்போகும் காலி இடத்தைப் பார்க்கிறான்.
ஒல்லி. சீக்கிரம் இரைக்கிறது.
போன வருடம் யாரும் எடுக்கவில்லை.
இந்த வருடமும் எடுக்கக் கூடாது மாதாவே,
எங்கள் முறை வரும்வரைக்கும் மட்டும்.

வேதாளை ஜலால். கோல்கீப்பர்.
இதுவரை கோல்கீப்பராக நின்றதே இல்லை.
ஆனால் லாரிமேல் நின்று
கீழிருந்து எறியும் மீன்கூடை
இருநூறில் ஒன்றைத் தவறவிட்டதில்லை,
எண்ணிப் பார்த்தவள் நான்.
ஐந்தாம் சுற்று.

உச்சிப்புளி நல்லமருது. முட்டியில் ஏழு தையல்.
கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும்.
ஆறாவது வரை கிடப்பான், யார் தொடப்போகிறார்கள்?

மூன்று பக்கத்தையும் படம் பிடித்து
மேனேஜர் டெரன்ஸ் அண்ணனுக்கு அனுப்பினேன்.
கட்டைவிரல் ஒன்று வந்தது.
போன வருடம் கச்சான் செவன்ஸ் அடித்தது மொத்தம் ஒரு கோல்,
அதையும் எதிராளிதான் தன் வலைக்குள் தள்ளிவிட்டான்.
அந்த ஒன்றுக்கு நான் கத்திய கத்தில்
இரண்டு நாள் பேச்சு வரவில்லை.

மண்டபம் கல்யாண மஹால்.
மேடையில் முந்தின நாள் ஜோடியின் பெயர்
தெர்மோகோலில் இன்னும் ஒட்டியிருக்க,
இறால் அள்ளும் பேசினில் சீட்டுக் குலுக்கினார்கள்.
எட்டு டீமில் எங்களுக்கு ஆறாவது.
நாற்காலியில் உட்கார முடியவில்லை,
பாத்திரம் கழுவும் இடத்து ஜன்னலில் போய் நின்றுகொண்டேன்.

அனஸ் போனான். கைதட்டினார்கள்.
போக வேண்டியவர்கள் போனார்கள்.
நான்காம் சுற்று.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
ஒருவன் வாயிலும் அந்தப் பேர் இல்லை.
ஐந்தாவதாக எழுந்த ஏர்வாடிக்காரர்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மாட்டி,
சொந்த மருமகனைக் கூப்பிடுகிற மாதிரி
‘கெனிஸ்டன்’ என்றார்.

அவரும் மணலுக்கு வந்திருக்கிறார்.
அவரிடமும் ஒரு நோட்டு இருக்கிறது.

டெரன்ஸ் அண்ணன் தலையைச் சொறிந்தார்.
என் மூன்று பக்கத்திலும் இல்லாத ஒரு பேரைச் சொன்னார்.
தொண்டி பீர் மைதீன்.
யார்? யாருக்கும் தெரியவில்லை.
அண்ணனுக்கே தெரியாது என்று
அவர் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது.

ஐந்தில் ஜலால் கிடைத்தான், சந்தோஷப்பட மறந்துவிட்டேன்.
ஆறில் நல்லமருதுக்கு முட்டி சரியில்லையாம்,
விட்டுவிட்டார்கள்.

திரும்பும் பஸ் பாலத்தில் ஏறும்போது
தொண்டிப் பக்கம் லோடு அடிக்கும் டிரைவருக்குப் போன் போட்டேன்.
காற்றில் பாதி கேட்கவில்லை.
‘பீரா? நெட்டையா இருப்பான்.
ஒருதரம் பஸ்ஸ விட்டுட்டு
அடுத்த ஸ்டாப்புல ஓடிப் பிடிச்சான்.’

அடுத்த ஸ்டாப் எவ்வளவு தூரம் என்றேன்.
லைன் போய்விட்டது.

இரவு ஷிப்டு.
கெனிஸ்டனை அடித்துவிட்டு மேலே எழுதுகிறேன்:
நெட்டை. கார்னருக்குத் தலை கொடுப்பான்.
ஓட்டம், நிச்சயம்.
இடது கால்? அதுவும் இருக்கலாம்,
இல்லையென்று யாரும் சொல்லவில்லையே.
பேர்தான் இடிக்கிறது,
மைதீனா, மொய்தீனா?